ரயில் கார்ட்டூன் தமிழில் கிடைக்குமா? டெல்லி நண்பர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மயூர் விஹாரில் இருக்கிறோம். நாலு வயது மகனுக்கு ரயில் என்றால் உயிர். இப்போது சக்கிங்டன் தொடரை விட்டு நகர்வதில்லை. 2008-ல் பிரிட்டனில் தொடங்கிய தொடர். வில்சன், ப்ரூஸ்டர், கோகோ என்ற மூன்று குட்டி எஞ்சின்கள் பெரிய எஞ்சின்களிடம் வேலை பழகும்.

எனக்கும் அது பிடித்திருக்கிறது. சொல்பேச்சு கேட்காத எஞ்சினால் சரக்கு தாமதமாகும், வேறு யாரோ காத்துக்கிடப்பார்கள். அதை அந்தக் குட்டியே புரிந்துகொண்டு சரிசெய்யும். அறிவுரை என்று தனியாக எதுவும் இல்லை. நேற்று இவன் டம்ளர்களை வரிசையாக வைத்து ரயில் ஓட்டினான். தங்கை கை பட்டு எல்லாம் சரிந்தது. கத்தவில்லை, கடைசிப் பெட்டியை அவள் கையில் கொடுத்து மாட்டச் சொன்னான்.

ஆனால் பார்ப்பதெல்லாம் ஆங்கிலத்தில். மதுரையில் இருக்கும் பாட்டிக்கு வீடியோ காலில் கதை சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிடுகிறான். பாட்டிக்கும் ஏக்கம்.

இது போன்ற ரயில் தொடர் தமிழ் டப்பிங்கில் முறைப்படி எங்கே கிடைக்கும்? இல்லாவிட்டால் இந்த வயதுக்கேற்ற தமிழ்ப் படக்கதைப் புத்தகமாவது சொல்லுங்கள். தாமஸ் என்ற ரயில் எஞ்சின் வரும் கதைகளே ஆங்கிலேயப் பாதிரியார் வில்பர்ட் ஆட்ரி தட்டம்மை கண்ட மகனுக்கு வாய்மொழியாகச் சொன்னவைதானே, அப்புறம்தான் 1945-ல் புத்தகமாயின. அதனால் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொல்லக்கூடியவர்கள் இருந்தாலும் தெரிவியுங்கள். சாணக்யபுரி ரயில் அருங்காட்சியகத்தில் ஒரு சனிக்கிழமை கூடலாம். திங்கட்கிழமைகளில் விடுமுறை.