தலையில் அடி, தாகம் தீராத உடம்பு

களுவாஞ்சிகுடி உறுப்பினர்:

போன வருடம் சிறுபோக அறுவடை நேரம், படுவான்கரை வயல் வட்டையிலிருந்து வரும்போது தம்பி பட்டிருப்புப் பாலத்துக்குக் கிட்ட மோட்டார் சைக்கிளோடு விழுந்தான். ஹெல்மெட் இருந்தது, வார் போடவில்லை; கழன்றுவிட்டது. மண்டைக்குள் இரத்தக் கசிவு. 16 நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் அவன் தலையைத்தான் பார்த்தோம், ஆளை மட்டுக்கட்டுகிறானா என்று.

அவனோ தண்ணீர் தண்ணீர் என்று கேட்டபடியே இருந்தான். கச்சான் காற்றுக் காலம், வெக்கைக்குத்தான் என்று விட்டுவிட்டோம். இரவில் ஆறேழு தடவை எழும்புவான். சிறுநீர் மஞ்சளே இல்லாமல் கிணற்றுத் தண்ணீர் மாதிரி. பக்கத்து வீட்டு மாமி சீனி வருத்தம் என்றார். விரலில் குத்திப் பார்த்தால் சீனி சரியாக இருந்தது. குடித்தால்தானே போகிறது என்று அம்மா செம்பை ஒளித்து வைத்தார். மறுநாள் உதடு வெடித்து, கேட்டதற்கு மாறிப் பதில் சொல்லத் தொடங்கினான். அந்தச் செம்பை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறும்.

இரத்தத்தில் சோடியம், அதாவது உப்பு, ஏறியிருந்தது. டொக்டர் விளக்கினார்: மூளைக்கு அடியில் கடலை அளவில் கபச்சுரப்பி ஒரு மெல்லிய காம்பில் தொங்குகிறது. தலை குலுங்கி அந்தக் காம்பு அடிபட்டால், தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஹோர்மோன் குறைந்துவிடும். தம்பியின் சிறுநீரகம் நன்றாகத்தான் இருந்தது, அதற்குச் செய்தி போகவில்லை. அந்த ஹோர்மோனுக்குப் பதிலான டெஸ்மோபிரசின் மருந்து கொடுத்த அன்றிரவு ஒரு தடவைதான் எழும்பினான். குடித்தது, போனது இரண்டையும் சோடாப் போத்தலில் அளந்து கொப்பியில் எழுதி வந்தேன். சில வாரத்தில் அந்த மருந்து தேவைப்படவில்லை.

சரி, முடிந்தது என்றிருக்க, நாலாம் மாதம் சோர்வு. எழும்பினால் தலைசுற்று, சாப்பாட்டில் மனமில்லை, தாடி வளர்வதும் குறைந்தது. சோம்பேறி ஆகிவிட்டான் என்று நானும் ஏசினேன். காலை 8 மணிக்கு எடுத்த இரத்தத்தில் கோர்டிசோல் என்ற ஹோர்மோன் குறைவு. அதைச் சுரக்கச் சொல்வதும் அதே கபச்சுரப்பிதான். இப்போது அதற்குப் பதிலாக ஹைட்ரோகோர்டிசோன் மருந்து எடுக்கிறான். தானாக நிறுத்தக் கூடாது, காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும் என்று டொக்டர் எழுதித் தந்த துண்டு எப்போதும் அவன் பர்ஸில் இருக்கிறது. தலையில் அடிபட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், சிறுநீரின் நிறத்தையும் பாருங்கள்.

அக்கரைப்பற்று உறுப்பினர்:

தங்கச்சி, எங்கள் வாப்பாவுக்கு முழங்கை. தலையில் அடிபட்டு இரண்டு மாதத்தில் வீங்கிச் சூடானது. பிடிப்பு என்று எண்ணெய் போட்டு இழுத்து நீட்டினோம். எக்ஸ்ரேயில் பார்த்தால் மூட்டைச் சுற்றித் தசைக்குள் புது எலும்பு, முகில் மாதிரி. கையில் அடியே படவில்லை. மூளைக் காயத்துக்குப் பிறகு இடுப்பிலும் முழங்கையிலும் இப்படி வளர்வது உண்டாம். பலமாக இழுக்காமல் மெல்ல அசைக்கச் சொன்னார்கள். இன்னும் நாலு விரற்கடை குறைகிறது, சோற்றுக் கவளம் வாய்க்கு எட்டவில்லை. உம்மாதான் ஊட்டுகிறார்.