பொருள்: தொழுநோய் + எச்.ஐ.வி: ‘ஐரிஸ்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

எழுதியவர்: தோல் மருத்துவர், நாகர்கோவில்

நண்பர்களுக்கு வணக்கம். நோயாளி கையில் கொடுக்கும் சீட்டுக்கும், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கான கையேட்டுக்கும் சேர்த்து ஒரு சொல் வேண்டும். முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன்.

எச்.ஐ.வி. உள்ளவர் அந்த வைரஸை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை தொடங்குகிறார். வைரஸ் அடங்குகிறது, எதிர்ப்பாற்றலுக்கான சி.டி.4 அணுக்கள் கூடுகின்றன. உடம்பு தேறி வருகிற அந்த நேரத்தில், பெரும்பாலும் முதல் 6 மாதத்துக்குள், தோலில் சிவந்து தடித்த படை எழும்புகிறது, அல்லது ஏற்கெனவே இருந்த தேமல் வீங்கிச் சிவக்கிறது. நரம்பு தடித்து வலிக்கும், கை கால் மரத்துப்போகும். தொழுநோய்க் கிருமி வெகு காலமாக உள்ளே இருந்தது. அதைக் கண்டுகொள்ளத் தெம்பில்லாமல் இருந்த எதிர்ப்பாற்றல் இப்போது விழித்துக்கொண்டு கிருமியைத் தாக்குகிறது. கிருமி நரம்புக்குள் குடியிருப்பதால் அடி நரம்புக்கும் விழுகிறது. மாத்திரை தொடங்கும்போது சி.டி.4 எண்ணிக்கை மிகவும் குறைந்திருந்தவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம்.

இதைத்தான் உலகம் முழுக்க ஐரிஸ் (IRIS) என்று சுருக்கிச் சொல்கிறார்கள். தொழுநோயோடு சேர்ந்த ஐரிஸ் மருத்துவ இதழில் முதலில் பதிவானது 2003இல். தமிழில் இப்போது புழங்குவது ‘நோயெதிர்ப்பு மறுசீரமைப்பு அழற்சி நோய்க்குறித்தொகுதி’. இதைச் சீட்டில் அடித்தால் மருந்தின் பெயர் எழுத இடம் இருக்காது. மறுசீரமைப்பு என்றதும் தாலுகா எல்லை மாற்றம்தான் நினைவுக்கு வருகிறது!

எழுதியவர்: ஆய்வக நுட்பர், தக்கலை

ஐரிஸ் என்றே வைத்துவிட்டால் என்ன டாக்டர்? எய்ட்ஸ், ஏ.ஆர்.டி., தொழுநோய்க்கான கூட்டு மருந்தாகிய எம்.டி.டி. எல்லாம் அப்படித்தானே வந்து சேர்ந்தன. புதுச் சொல்லை வார்டில் யாரும் சொல்லப் போவதில்லை.

எழுதியவர்: இயன்முறை மருத்துவர், குழித்துறை

மற்ற நோய்க்கு ஐரிஸ் என்று வைத்துக்கொள்ளலாம், தொழுநோய்க்குக் கூடாது. கண்ணின் கருவிழித் திரைக்கும் ஐரிஸ் என்றுதான் பெயர். தொழுநோயின் இரண்டாம் வகை எதிர்வினையில் அதே திரை வீங்கும். கண் சிவக்கும், வலிக்கும், வெளிச்சம் பட்டால் கூசும். ‘ஐரிஸ், பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு மாத்திரை) தொடங்கவும்’ என்று ஒரு சீட்டு வந்தால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? கண் என்றால் அட்ரோபின் சொட்டு மருந்தும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் உடனே வேண்டும், தாமதித்தால் திரை லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். நரம்பு என்றால் வாரக்கணக்கில் மாத்திரை. ஒரே வார்டில் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது ஆபத்து.

எழுதியவர்: தமிழாசிரியர், மார்த்தாண்டம்

மறுசீரமைப்பு வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. கைவசம் இருப்பவை மீள், மீட்பு, மீட்சி, தேறு. மீட்பு வேண்டாம், நம் மாவட்டத்தில் அதைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் என்றுதான் நினைப்பார்கள். ‘மீள்வினை’ கேட்க அழகு, அடக்கமான சொல். டாக்டர் என்ன சொல்கிறீர்கள்?

எழுதியவர்: தோல் மருத்துவர், நாகர்கோவில்

மீள்வினையில் சிக்கல் இருக்கிறது ஐயா. தொழுநோயில் முதல் வகை எதிர்வினைக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘ரிவர்சல் ரியாக்‌ஷன்’ என்ற இன்னொரு பெயரை நம்மவர்கள் பல காலமாக ‘மீள் எதிர்வினை’ என்று எழுதிவருகிறார்கள். எச்.ஐ.வி. இல்லாதவருக்கும் அது வரும். ஐரிஸாக வருவதும் பெரும்பாலும் இந்த முதல் வகைதான். ஆக மீள்வினை என்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒன்று தோலிலும் நரம்பிலும் நடப்பதன் பெயர், மற்றது அது ஏன் இப்போது நடக்கிறது என்பதற்கான பெயர். இரண்டும் தனித்தனியாக நிற்க வேண்டும்.

இங்கே சற்று நின்று சொல்ல வேண்டிய ஒரு விஷயம் உண்டு, சொல் தேர்வுக்கு அது உதவும். எச்.ஐ.வி. பரவத் தொடங்கிய காலத்தில், சி.டி.4 குறைந்தால் தொழுநோய் எல்லாருக்கும் கிருமி மண்டிய லெப்ரோமேட்டஸ் வகைக்குப் போய்விடும் என்று எதிர்பார்த்தார்கள். எச்.ஐ.வி.யால் காசநோய் மோசமானது கண்முன் இருந்தது. ஆனால் தொழுநோயில் அப்படி நடக்கவில்லை. சி.டி.4 குறைந்தவர்களிடமும் அந்தந்த வகைக்கு உரிய கிரானுலோமா (எதிர்ப்பு அணுக்களின் திரள்) தோலில் இருந்தது, கிருமி குறைந்த டியூபர்குலாய்டு பக்கத்து நோயாளிகளும் இருந்தார்கள். 1966இல் ரிட்லியும் ஜாப்ளிங்கும் வகுத்த ஐந்து பிரிவு எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் பொருந்தியது. உண்மையான மாற்றம் ஏ.ஆர்.டி. வந்த பிறகுதான் தெரிந்தது, அதுவும் எதிர்ப்பாற்றல் குறையும்போது அல்ல, கூடும்போது. அதனால் ‘குறைபாடு’, ‘பலவீனம்’ என்ற சாயல் சொல்லில் எங்கும் வரக் கூடாது. என் ஓட்டு ‘மீட்சி அழற்சி’க்கு.

உட்பிரிவு இரண்டு. மறைந்திருந்த தொழுநோய் முதன்முறையாகத் தலைகாட்டுவது ஒன்று. எம்.டி.டி. எடுத்துக்கொண்டிருப்பவருக்கோ எடுத்து முடித்தவருக்கோ அடங்கிய படை திரும்பச் சிவப்பது மற்றொன்று. இரண்டாவதை ‘முரண் வகை’ என்று சிலர் எழுதுகிறார்கள். உடம்பு தன் வேலையைத்தான் செய்கிறது, முரண் எல்லாம் மருத்துவரின் எதிர்பார்ப்பில்தான்.

எழுதியவர்: தமிழாசிரியர், மார்த்தாண்டம்

அப்படியானால் வினைத்தொகையாக்கிவிடுங்கள்: ‘வெளிப்படு வகை’, ‘கிளர் வகை’. வளர்பிறை, சுடுசோறு மாதிரி நாக்கில் நிற்கும். கிளர்தல் என்றால் அடங்கியது மேலெழுவது. நீங்கள் சொன்ன பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது.

எழுதியவர்: மருந்தாளுநர், தக்கலை

கையேட்டில் மீட்சி அழற்சி, வெளிப்படு, கிளர் எல்லாம் இருக்கட்டும். நோயாளி சீட்டில் மட்டும் ‘அழற்சி’ வேண்டாம். கவுண்டரில் அந்தச் சொல்லை வாசித்துக் காட்டினால் காதில் விழுவது ‘அலர்ஜி’தான். மாத்திரை அலர்ஜி ஆகிவிட்டது என்று புரிந்துகொண்டு வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் நிறுத்துவார்கள், ஏ.ஆர்.டி.யையும் சேர்த்து. அதுதான் பெரிய இழப்பு. மீட்சி அழற்சி வந்தால் ஏ.ஆர்.டி.யும் எம்.டி.டி.யும் தொடரும், அவற்றோடு பிரெட்னிசோலோன் சேரும். நிறுத்துவதற்கான நோய் அல்ல இது.

மெய்யாகவே மாத்திரையை நிறுத்த வேண்டிய ஒன்று வேறே இருக்கிறது என்பதால் குழப்பம் இன்னும் மோசம். எம்.டி.டி.யில் உள்ள டாப்சோன் என்ற மருந்தின் ஒவ்வாமை பொதுவாக அதைத் தொடங்கிய 4 முதல் 6 வாரத்தில் வரும்: காய்ச்சல், உடம்பெங்கும் தடிப்பு, மஞ்சள் காமாலை, நெறி கட்டுதல். கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கும் நெவிரபின் என்ற எச்.ஐ.வி. மருந்தும் இதே மாதிரித் தடிப்பைக் கொடுக்கும். டாப்சோனும் இன்னொரு எச்.ஐ.வி. மருந்தான சிடோவுடினும் சேர்ந்தால் ரத்தசோகை. அதனால் சீட்டில் இரண்டையும் பிரிக்கும் வரி வேண்டும். இருந்த இடத்துப் படை சிவந்து நரம்பு வலித்தால் மாத்திரையைத் தொடர்ந்து போட்டுக்கொண்டே வர வேண்டும். உடம்பு முழுக்கத் தடித்துக் காய்ச்சலும் காமாலையும் இருந்தால் டாப்சோனை நிறுத்திவிட்டு அன்றைக்கே வர வேண்டும்.

சொல்லுக்கு வருகிறேன். நம்மூரில் ‘உடம்பு தேறுது’ என்பார்கள். ‘தேறுவீக்கம்’ என்று வைத்தால் என்ன? தமிழாசிரியர் அண்ணாச்சியின் வினைத்தொகையேதான்.

எழுதியவர்: ஆய்வக நுட்பர், தக்கலை

தேறுவீக்கம் எனக்குச் சம்மதம். இன்னொரு வசதியும் உண்டு. அதில் எச்.ஐ.வி. வாடையே இல்லை. சீட்டு பையில் கிடக்கும், வீட்டில் நாலு பேர் பார்ப்பார்கள். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி அவர் ஒப்புதல் இல்லாமல் அதை வெளியிடக் கூடாது. ‘எதிர்ப்பு சக்தி’ என்று சீட்டில் போட்டாலே இந்தக் காலத்தில் ஊகித்துவிடுவார்கள்.

எழுதியவர்: இயன்முறை மருத்துவர், குழித்துறை

எனக்கு ஒரு தயக்கம். வீக்கம் என்று பெயர் வைத்தால் வீக்கம் இல்லாதவர் வரமாட்டார். வலியும் இல்லாமல், வீக்கமும் இல்லாமல் நரம்பு மெல்லச் செத்துப்போவதும் உண்டு. ரப்பர் பால் வெட்டுகிறவருக்குக் கத்திப் பிடி நழுவும், வலை பின்னுகிறவருக்குச் சுண்டுவிரல் மடங்கும், அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) கொட்டைத் தோல் உடைக்கிறவருக்கு விரலில் கொப்புளம் வந்தது தெரியாது. சொரணை போய் 6 மாதத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால்தான் நரம்பு திரும்புவதற்கு நல்ல வாய்ப்பு.

பெயரை மாற்றச் சொல்லவில்லை. பெயருக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: ‘வீக்கம் இல்லாமல் மரத்துப்போனாலும், பிடி தளர்ந்தாலும் இதுவே.’ கையேட்டில் சோதனையும் வேண்டும். கண்ணை இறுக மூடச் சொல்லுதல், சுண்டுவிரலை விலக்கி எதிர்த்தல், பெருவிரலை மேலே தூக்குதல், மணிக்கட்டையும் பாதத்தையும் மேலே தூக்குதல், உள்ளங்கையிலும் பாதத்திலும் பால்பாயிண்ட் பேனா முனையால் மெல்லத் தொட்டுக் கேட்டல். ஏ.ஆர்.டி. தொடங்கும் அன்றே ஒருமுறை இதைச் செய்து எழுதிவைக்காவிட்டால், பிறகு குறைந்ததா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

எழுதியவர்: தோல் மருத்துவர், நாகர்கோவில்

ஏற்றுக்கொள்கிறேன். கையேட்டுப் பதிவு இப்படி:

‘மீட்சி அழற்சி: ஏ.ஆர்.டி.யால் எதிர்ப்பாற்றல் மீளும்போது, உடலில் ஏற்கெனவே உள்ள கிருமிக்கு எதிராக எழும் அழற்சி. வெளிப்படு வகை, கிளர் வகை என இரண்டு. நோயாளி வழக்கு: தேறுவீக்கம்.’

இதோடு மூன்று எச்சரிக்கை. பிரெட்னிசோலோனுக்கு முன் காசநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். குடற்புழுவுக்கு அல்பெண்டசோல் கொடுக்க வேண்டும். காசநோயும் இருந்தால் ரிஃபாம்பிசின் அந்தச் சிகிச்சையில் தினமும் போகும், எனவே எம்.டி.டி.யின் மாதாந்தர ரிஃபாம்பிசின் தனியாக வேண்டாம், எம்.டி.டி.யின் மற்ற இரண்டு மருந்தும் தொடரும். அப்போது ஏ.ஆர்.டி.யில் உள்ள டோலுடெக்ராவிர் 50 மி.கி. இருவேளையாகும்.

படர்தாமரை என்று களிம்பு கொடுப்பதும், சீழ்ப்பிடிப்பு என்று ஆன்டிபயாட்டிக் கொடுப்பதும், 5 நாள் ஸ்டீராய்டு கொடுத்துச் சட்டென நிறுத்துவதும் நடக்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் மிகவும் கெடுதல். நான்கு நாளில் சிவப்பு மறையும், நரம்பின் அழற்சி அடங்காது.

எழுதியவர்: மருந்தாளுநர், தக்கலை

சீட்டின் பின்பக்கம் அளவு அட்டவணை அச்சிடுங்கள் டாக்டர்: 40, 30, 20, 15, 10, 5 மி.கி., ஒவ்வொன்றும் 2 வாரம், மொத்தம் 12 வாரம், காலையில் சாப்பிட்ட பிறகு. எம்.டி.டி. அட்டை 28 நாளுக்கு, ஸ்டீராய்டு படி 14 நாளுக்கு ஒருமுறை இறங்கும். அட்டை வாங்க வரும் நாளை மட்டும் எழுதிக் கொடுத்தால் இடையில் வரும் படி தவறிவிடும், 40ஐயே 4 வாரம் போடுவார்கள். இரண்டு தேதிக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.