கால்வாயில் படகு விடப் போனவர்கள் சொல்லுங்கள்: எங்கே, எப்போது, எவ்வளவு கூட்டம்?

நத்தை வேகம்

போன ஆகஸ்ட் கடைசியில், அந்தத் திங்கட்கிழமைப் பொது விடுமுறையையும் சேர்த்து, இங்கிலாந்திலிருந்து வேல்ஸுக்குள் போகும் லாங்கொல்லன் கால்வாயில் ஒரு வாரத்துக்கு நேரோபோட் (தங்கிக்கொள்ளும் ஒடுங்கிய நீளப் படகு) எடுத்தோம். ஆறு பேர், அதில் என் மாமியாரும் ஒருவர். வாடகைக்கு விட்டவர்கள் தந்த கையேட்டின் அட்டையில் ஒரு வாத்து, ஒரு கல் பாலம், ஆளே இல்லாத தண்ணீர். அதை நம்பித்தான் போனேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் படகைக் கொடுத்தார்கள். அரை மணி நேரப் பாடம், அவ்வளவுதான். அதே துறையிலிருந்து அன்று எங்களோடு இன்னும் ஏழு படகுகள் கிளம்பின. எல்லாம் ஒரே திசையில், ஏனென்றால் எல்லாருக்கும் அந்தப் பொன்ட்கசுல்த்தே நீர்ப்பாலத்தைப் பார்க்க வேண்டும், கால்வாயே பாலத்தின்மேல் பள்ளத்தாக்கைத் தாண்டும் இடம் அது. அன்று மாலை இரண்டு மணி நேரம் ஓட்டிக் கரையில் கட்டினோம். பக்கத்தில் மாடுகள் மட்டும். கையேடு சொன்னது உண்மைதான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு கிரிண்ட்லி புரூக். ஒரு வளைவு திரும்பியதும் எதிரே ஒரு படகின் பின்பக்கம். பாவம், பழுதாகி நிற்கிறது போல என்று நினைத்தேன். அதற்கு முன்னால் இன்னொன்று, அதற்கு முன்னால் இன்னொன்று. கரையில் நடந்து போய் எண்ணிவிட்டு வந்த என் பையன் சொன்னான்: 11 படகு.

தெரியாதவர்களுக்காக: லாக் என்பது இரு பக்கமும் கதவு வைத்த தொட்டி, தண்ணீரை நிரப்பியோ இறக்கியோ படகை மேலே ஏற்றும், கீழே இறக்கும். அங்கே ஆறு லாக். முதல் மூன்று தனித்தனி. மேல் மூன்றும் மாடிப்படி மாதிரி ஒட்டிக் கட்டியவை, ஒரு தொட்டியின் மேல்கதவுதான் அடுத்த தொட்டியின் கீழ்க்கதவு. நடுவில் எதிரெதிர்ப் படகுகள் விலக இடம் கிடையாது. அதனால் மேலே ஏறுவது ஒரு கூட்டம், அது முடிந்து கீழே இறங்குவது ஒரு கூட்டம் என்று அங்குள்ள தன்னார்வலர்கள் மாற்றி மாற்றி விடுகிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் அங்கே அடிதடிதான் நடந்திருக்கும். எங்களுக்கு 3 மணி 40 நிமிடம் ஆனது.

அதோடு முடியவில்லை. நீர்ப்பாலம் 307 மீட்டர் நீளம், ஒரு படகு போகும் அகலம்தான். எதிரில் யாராவது ஏறிவிட்டால் அவர்கள் வந்து சேரும்வரை நிற்க வேண்டும். (ஒரு பக்கம் கைப்பிடியே கிடையாது, கீழே 38 மீட்டர் பள்ளம். மாமியார் உள்ளே போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டார்.) அதற்கப்புறம் லாங்கொல்லன் ஊர் வரும் முன் பாறையைக் குடைந்த ஒருவழிப் பகுதிகள். வீட்டில் ஒருவர் முன்னால் நடந்து போய், யாரும் வரவில்லை என்று போனில் சொன்னால்தான் நாம் நுழையலாம். தண்ணீரும் எதிர்த்து வருகிறது, டீ (Dee) ஆற்றிலிருந்து எடுத்து இந்தக் கால்வாய் வழியாகத்தான் அனுப்புகிறார்களாம். எல்லாம் தாண்டி ஊருக்குள் போனால் படகு கட்ட இடம் இல்லை. எஞ்சின் படகு அதற்கு மேல் போகவும் கூடாது. திருப்பிக்கொண்டு வந்தோம்.

இது எப்போதுமே இப்படித்தானா, இல்லை நாங்கள்தான் நேரம் பார்க்காமல் போய் மாட்டிக்கொண்டோமா? போனவர்கள் எழுதுங்கள்.

---

பர்மிங்காம் பக்கம்

ஆகஸ்ட் விடுமுறையில் லாங்கொல்லன்! சார், நாடே அங்கேதான் போகும். தெரிந்துகொண்டே கேட்கிறீர்களா?

கூட்டம் வேண்டாம் என்றால் இந்தப் பக்கம் வாருங்கள். பர்மிங்காமைச் சுற்றி மட்டும் இன்றும் 100 மைல் அளவுக்குக் கால்வாய் இருக்கிறது. நகர நடுவிலுள்ள கேஸ் ஸ்ட்ரீட் பேசின் படகுத்துறையில் படகும் ஆட்களும் நிறைய, அங்கே மட்டும்தான். வடக்கே வயர்லி அண்ட் எசிங்டன் கால்வாய்ப் பக்கம் போனோம், ஒரு முழு நாள், எதிரில் ஓடும் படகு ஒன்றுகூடப் பார்க்கவில்லை. ஒரு மீன்பிடிக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு தூண்டிலை எடுக்கவே மறந்துவிட்டார்.

ஆனால் ஒன்று. படகு போகாத தண்ணீரில் பாசி மண்டிக் கிடக்கும். அன்று ஒரே நாளில் ஐந்து தடவை எஞ்சினை அணைத்து, பின்னால் இருக்கும் மூடியைத் திறந்து, கையை முழங்கை வரை விட்டு, படகைத் தள்ளும் விசிறியில் சுற்றியதை அறுத்து எடுத்தேன். பாசி, பிளாஸ்டிக் பை, கம்பி, ஒரு முழு ஜீன்ஸ். படகுகள் ஓடினால்தான் கால்வாய் சுத்தமாக இருக்கும் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. காலியாக இருக்கிறது என்று யாராவது ஒரு கால்வாயைப் புகழ்ந்தால் ஏன் காலியாக இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள்.

---

சுக்கான் அக்கா

நீங்கள் இருவரும் ஓடும் படகுகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் அனுபவம் கட்டிக் கிடக்கும் படகுகளைப் பற்றியது.

கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில் பிராட்ஃபோர்ட் ஆன் ஏவனிலிருந்து பாத் வரை. 9, 10 மைலுக்கு லாக்கே கிடையாது. வரைபடத்தில் பார்த்தால் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் போல இருக்கும், நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். போனபிறகுதான் தெரிந்தது, கரை நெடுக வீட்டுப் படகுகள், ஒன்றின் வாலில் இன்னொன்று. கட்டியிருக்கும் படகைத் தாண்டும்போது எஞ்சினை அடி வேகத்துக்குக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் அலை இழுத்து அவர்கள் கயிறு, முளைக்குச்சி எல்லாம் பிடுங்கிக்கொண்டு வரும். சட்டப்படி நம் வேகமே மணிக்கு 4 மைல்தான். அதிலும் குறைத்தால் என்ன மிஞ்சும்? கரையில் ஒரு பாட்டி நாயோடு நடந்துகொண்டிருந்தார். நாய் மரத்துக்கு மரம் நின்று நின்று வந்தும் எங்களுக்கு முன்னால் டண்டாஸ் நீர்ப்பாலத்துக்குப் போய்விட்டார்கள். எங்களுக்கு ஆறு மணி நேரம்.

வேகமாகவும் போகவில்லை, ஆனாலும் மூன்று ஜன்னல்களிலிருந்து தலை நீட்டி "மெதுவா!" என்று கத்தினார்கள். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் நாள் நாங்கள் கட்டி வைத்துவிட்டுச் சமைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு வாடகைப் படகு விர்ரென்று போனதில் அடுப்பிலிருந்த கொதிநீர் தளும்பி என் காலுக்கு அரை அடி தள்ளி விழுந்தது. ஜன்னலைத் திறந்து நானும் கத்தினேன், அதே வார்த்தை.

அங்கே குடியிருப்பவர்கள்மேல் பழி போடவும் மனசு வரவில்லை. நிரந்தர இடம் வாங்க வசதி இல்லாதவர்கள் நிறைய பேர். 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொந்தத் துறை இல்லாத படகு ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பாத் பக்கம் என்றால் எவ்வளவு தூரம்தான் நகர்வார்கள்? 2012-இலிருந்து கால்வாய்களைப் பார்த்துக்கொள்ளும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் சொல்லும் கணக்கு 35,000-க்கு மேல் படகுகள், தொழிற்புரட்சிக் காலத்தில் இருந்ததைவிட அதிகம். ஆனால் அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலானவை வருஷத்தில் பாதி நாள் கட்டிக் கிடப்பவை. நம்மை மெதுவாக்குவதும் அவைதான் என்பது வேறு விஷயம்.

---

வரிசையில் நிற்பவன்

நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு படகில் பங்கு வைத்திருக்கிறோம், எட்டு வருஷமாகப் போய் வருகிறேன். நத்தை அண்ணா, உங்கள் பிரச்சினை ஆகஸ்ட் இல்லை. சனிக்கிழமை.

வாடகைப் படகுகள் பெரும்பாலும் சனி, திங்கள், வெள்ளி, இந்த மூன்று நாள்களில்தான் கைமாறும். பின்னேரம் மூன்று, நாலு மணிக்கு ஒரு துறையிலிருந்து எட்டுப் பத்துப் படகு வெளிக்கிடும். எல்லாருக்கும் ஒரே வேகம், எல்லாரும் இருட்டுமுன் கட்டுவார்கள், எல்லாரும் காலையில் சாப்பிட்டுவிட்டு ஒன்பதுக்குப் பிறகு கயிறு அவிழ்ப்பார்கள். அந்தக் கும்பல் வாரம் முழுக்கக் கலையாமல் ஒரு அலை மாதிரிக் கால்வாயில் நகரும். நீங்கள் அந்த அலைக்குள் இருந்தால் உலகமே படகு. அரை நாள் முந்தினாலோ பிந்தினாலோ, அதே கால்வாயில் அதே வாரம் ஒருவரையும் காண மாட்டீர்கள்.

போர் கவுண்டீஸ் ரிங் என்று 110 மைல், 94 லாக் உள்ள சுற்று. அதில் மிடில்விச் ஒரு முச்சந்தி, சனிக்கிழமை பின்னேரம் அங்கே போய் மாட்டி இரண்டரை மணித்தியாலம் நின்றிருக்கிறேன். எனக்குப் பின்னால் வந்தவர் வரிசை தெரியாமல் முந்தப் பார்த்து, ஒரு பெரிய சண்டை. அடுத்த வருஷம் அதே மிடில்விச், புதன்கிழமை, காலை ஆறே கால். லாக்கில் ஒரு கொக்கு மட்டும் நின்றது.

விடியற்காலையில் ஓட்டலாமா என்று கேட்பீர்கள். ஓட்டலாம். கட்டி வைத்த படகில் இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை எஞ்சின் போட்டு வைக்கக் கூடாது என்பதுதான் விதி, போகிற படகுக்கு அது இல்லை. ஆனால் பக்கத்தில் ஆட்கள் நித்திரையில் இருக்கும்போது அரை மணித்தியாலம் எஞ்சினைச் சூடாக்காமல் உடனே நகர்ந்துவிடுங்கள், அதுதான் மரியாதை.

ஹேர்காசல் சுரங்கத்தையும் சொல்ல வேண்டும். ஒன்றரை மைலுக்கு மேல் இருட்டு, ஒருவழி, காவலர் விட்டால்தான் உள்ளே போகலாம். வடக்கு வாசலில் தண்ணீர் இரும்புத் துருவால் செம்மஞ்சளாக இருக்கும். எதிர்ப்பக்கக் கூட்டம் வெளியே வரும்வரை முக்கால் மணித்தியாலமாவது நிற்க வேண்டும். நாங்கள் அங்கேதான் எங்கள் படகின் நாலாவது பங்குக்காரரைச் சந்தித்தோம்! முன்னால் நின்ற படகுக்காரர், கதைத்துக் கதைத்து, கடைசியில் பங்கு கேட்டார். வரிசை என்றால் எல்லாம் நட்டம் இல்லை.

---

பாதிக் கயிறு

லண்டன் பற்றி ஒரு வரி. ரீஜன்ட்ஸ் கால்வாயில் கேம்டன், இஸ்லிங்டன் பக்கம் ஓடும் படகுக் கூட்டம் ஒன்றும் பயங்கரம் இல்லை, ராத்திரி எங்கே கட்டுவது என்பதுதான் பயங்கரம். படகோடு படகாக இரட்டை வரிசையில் கட்டியிருப்பார்கள். தெரியாதவர் கதவைத் தட்டி, "உங்கள் படகோடு கட்டிக்கொள்ளலாமா?" என்று கேட்க வேண்டும். எனக்குக் கூச்ச சுபாவம். மூன்று மைல் கேட்காமலே போய்விட்டேன். பிறகு இருட்டில் கேட்டேன், சரி என்றார்கள், விடியற்காலை நாலு மணிக்கு நான் கரைக்குப் போக வேண்டியிருந்ததால் அவர்கள் மேல்தளத்தில் ஏறித் தாண்டிப் போனேன். லிட்டில் வெனிஸ் பக்கம் முன்பதிவு செய்யும் இடங்கள் கொஞ்சம் உண்டு. போவதானால் முதலில் அதைப் போட்டுவிடுங்கள்.

---

சுக்கான் அக்கா

தம்பி, கதவைத் தட்டக் கூச்சப்பட்டால் லாக்கில் என்ன செய்வீர்கள்? அகலமான லாக்கில் இரண்டு நேரோபோட் ஒன்றாக நுழையலாம், தண்ணீர் பாதி மிச்சம், வேலையும் பாதி. கான் ஹில்லில் 29 லாக், யாரென்றே தெரியாத ஒரு ஜோடியோடு சேர்ந்து ஏறினோம். அவர்கள் கதவைத் திறக்க நாங்கள் மதகு, நாங்கள் திறக்க அவர்கள் மதகு. ஐந்து மணி நேரத்தில் மேலே. தனியாக ஏறியிருந்தால் அங்கேயே படுத்திருப்பேன்.

---

நத்தை வேகம்

எல்லாருக்கும் நன்றி. ஆறு மாதம் கழித்து வந்து எழுதுகிறேன், ஏனென்றால் நான் திரும்பவும் அங்கேயே போனேன். சிரிக்காதீர்கள், பணம் கட்டியது மாமியார். மார்ச் கடைசி, ஈஸ்டருக்கு முன். வரிசை அண்ணா சொன்னபடி வார நடுவில் கிளம்ப வழி இருக்கிறதா என்று கேட்டேன், சீசன் இல்லாததால் செவ்வாய்க்கிழமை கொடுத்தார்கள்.

கிரிண்ட்லி புரூக்குக்குக் காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வளைவு திரும்பும்போது எனக்கு நெஞ்சு படபடத்தது. ஒன்றுமே இல்லை. ஒரு படகுகூட இல்லை. சந்தோஷத்தில் ஹாரன் அடிக்கப் போனேன், மனைவி கையைப் பிடித்துவிட்டாள்.

அப்புறம்தான் ஒன்று புரிந்தது. ஆகஸ்டில் கீழே உள்ள மூன்று தனி லாக்கிலும் எங்களுக்கு எதிரே ஒரு படகு இறங்கி வந்துகொண்டிருந்தது. அது வெளியே வரும்போது தொட்டி காலியாக, கதவு திறந்து, எங்களுக்காகவே தயாராக நின்றது. இப்போது இறங்கி வருபவர் யாருமில்லை. அந்த மூன்று தொட்டியும் நிறைந்து, கதவு மூடி, எங்களுக்கு எதிராக இருந்தது. ஒவ்வொன்றையும் நாங்களே காலிசெய்து, திறந்து, நுழைந்து, நிரப்பி, திரும்ப மூட வேண்டும். அந்தப் படிக்கட்டு லாக்கில் தன்னார்வலர்களும் இன்னும் வரத் தொடங்கவில்லை. மேலே ஏறும்போது அடித் தொட்டி காலியாகவும் மேலே உள்ளவை நிறைந்தும் இருக்க வேண்டுமாம். அடுத்ததும் காலியாகச் சேர்ந்து கிடந்ததை நான் பார்க்கவில்லை. மதகைத் திறந்தேன், வர வேண்டிய தண்ணீர் வரவே இல்லை. மதகைத் திருப்பும் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடி, மேல் தொட்டியிலிருந்து இறக்கி, திரும்பக் கீழே ஓடி வந்து, ஆறு லாக்கும் முடிய இரண்டே கால் மணி நேரம்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மாமியார் தேநீர்க் கோப்பையோடு முன்தளத்தில் உட்கார்ந்திருந்தார். "போன தடவை அந்த முன்படகுக்காரம்மா இருந்தாங்களே, பேசிக்கிட்டே நேரம் போச்சு" என்றார்.