தனியா வெளிய போனா மிரளுது என் குதிரை, என்ன செய்யலாம்?

ஏரிக்கரைப் பையன், நுவரெலியா:

எல்லாருக்கும் வணக்கம். எங்க பெரியப்பா கிரகரி ஏரிக்கரையில மட்டக்குதிரை வச்சு டூரிஸ்ட்காரங்களை ஏத்திக்கிட்டிருந்தார். முழங்கால் முடியலன்னு போன வருஷம் ரெண்டு குதிரையையும் என்கிட்ட குடுத்துட்டார். அதுல கிழட்டுக் குதிரை ராசா தை மாசம் வயித்துவலியில செத்துப்போச்சு. இப்ப செல்லி மட்டும்தான். செவலைப் பொட்டக்குதிரை, ஒன்பது வயசு.

ஏப்ரல் சீசன்ல ஒரு தொந்தரவும் இல்ல. சுத்திவர மத்தக் குதிரைங்க நின்னதால ஒழுங்கா நடந்திச்சு. சீசன் முடிஞ்ச பிறகு நடை குடுக்கலாம்னு காலையில தேயிலைத் தோட்டத்து ரோட்டுல தனியா கொண்டுபோறேன். தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயத்தைத் தாண்டி மதகு வளைவு வரைக்கும் வரும். அங்க நின்னுரும். காதை விறைச்சு, மூக்கை விடைச்சு ஊதும். சேணத்துல இருக்கிற எனக்கே அதோட நெஞ்சு அடிக்கிறது தொடையில தெரியும். அப்புறம் ஒரே திருப்பு, வீட்டுப் பக்கம்.

போன செவ்வாய்க்கிழமை பனிமூட்டத்துக்குள்ள இருந்து ஓட்டோ ஒண்ணு ஹோன் அடிச்சிட்டு வந்திச்சு. செல்லி பறந்துருச்சு, நான் ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள விழுந்தேன். முழங்கை இன்னும் வீக்கம். "நாலு போடு, ஒரு தடவை தாண்டிட்டா சரியாகிரும்"னு சொல்றாங்க. எனக்குக் கை வரல. விக்கவும் மனசில்ல. வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராகலைக்காரன்:

தம்பி, முதல்ல வலி இருக்கான்னு பாருங்க. சேணத்தை இறக்கிட்டு முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் விரலால அமத்திக்கிட்டே போங்க. வெட்டி இழுத்தா, முதுகைத் தாழ்த்தினா அங்க நோவு இருக்கு. வயித்துப் பட்டி உரசுற இடம், பல்லு, லாடம் எல்லாம் மிருக வைத்தியர்கிட்ட ஒருக்காக் காட்டிருங்க. இன்னொண்ணு, ராத்திரியும் அது தனியாத்தானே நிக்குது? பக்கத்துல ஒரு ஆட்டைக் கட்டிப் பாருங்க. துணை போன குதிரைக்கு அது பெரிய ஆறுதல்.

பழைய குதிரைக்காரன், கந்தப்பளை:

தம்பி, ரேஸ் கோர்ஸ் லாயத்துல சின்ன வயசுலயே சேர்ந்தவன் நான். அடிக்கச் சொல்றவங்க பேச்சைத் தயவுசெய்து கேக்காதீங்க. ஒரு சாம்பல் குதிரையை நான் அப்படி அடிச்சிருக்கேன். அன்னைக்குத் தாண்டிச்சு. அடுத்த நாள்ல இருந்து வளைவுக்கு நூறு அடி முன்னாலயே நடுங்க ஆரம்பிச்சிருச்சு. அந்த இடத்துல பயம் இருந்திச்சு, நான் வலியையும் சேர்த்துக் குடுத்துட்டேன். அதை நினைச்சா இன்னைக்கும் மனசு கேக்கல.

செல்லி முரண்டு பிடிக்கல. இத்தனை வருஷமா ராசா முன்னால போயிருக்கும், அது வாலைப் பாத்து இது நடந்திருக்கும். ரோட்டைப் பாத்து முடிவெடுக்கிற வேலை இதுக்கு இருந்ததே இல்ல. அந்த வேலையை இப்ப நீங்க எடுத்துக்கணும், அதுவும் கீழ நின்னு. ரெண்டு வாரத்துக்கு ஏறவே ஏறாதீங்க. நீளக் கயித்துல பிடிச்சுக்கிட்டு அதோட தோளுக்குப் பக்கத்துல நடங்க. கயித்தைக் கையில சுத்தக் கூடாது, ஓடினா விரல் போயிரும். நேர் முன்னாலயும் நிக்காதீங்க. குதிரைக்குக் கண்ணு பக்கவாட்டுல, கிட்டத்தட்ட 350 பாகை தெரியும். ஆனா நெத்திக்கு நேர் முன்னாலயும் வாலுக்குப் பின்னாலயும் குருடு. மிரளும்போது அது தலையைத் தூக்கிறதும் தாழ்த்திறதும் அது என்னன்னு பாக்கத்தான். அப்ப கடிவாளத்தை இறுக்கினா கண்ணைக் கட்டின மாதிரி. தலையை விட்டுருங்க, பாக்கட்டும்.

ஒரு பழக்கம் சொல்றேன். தாடை எலும்போட உள்பக்கம் விரலை வச்சா நாடி ஓடும். சும்மா நிக்கிற குதிரைக்கு நிமிஷத்துக்கு 28ல இருந்து 44 வரைக்கும். லாயத்துல எண்ணி வச்சுக்குங்க. வளைவுக்குக் கொஞ்சம் முன்னால, அது இன்னும் பயப்படாத இடத்துல நிறுத்தி மறுபடி எண்ணுங்க. நாடி இறங்குற வரைக்கும் நில்லுங்க. தலை தாழும், வாயை மெல்லும், நீளமா ஒரு மூச்சு விடும். அப்பத் திருப்பிக் கூட்டி வாங்க. அது தானாத் திரும்பினது வேற, நீங்க திருப்பினது வேற. மறுநாள் பத்து அடி கூட. திரும்பி வரும்போதும் கவனம், போகும்போது பாத்த அதே கல்லு மறுபக்கத்துல இருந்து புதுசாத் தெரியும்.

ஏறத் தொடங்கினதும் ஏதாவது பேசிக்கிட்டே போங்க, பாட்டுன்னாலும் சரி. பாடுறவனுக்கு மூச்சை அடக்க முடியாது. மேல இருக்கிறவன் மூச்சைப் பிடிச்சா கீழ அதுக்குத் தெரிஞ்சிரும். ஹெல்மெட் கட்டாயம். மூட்டம் இறங்கின காலையில ரோட்டுப் பக்கமே போக வேணாம்.

மலைப்புள்ள, ஹைஃபொரஸ்ட்:

நான் கொழுந்து எடுக்கிறவ. எங்க மலைப்பக்கம் குதிரை வந்தா மிரளக் கூடாதேன்னு நாங்க பேச்சை நிறுத்திட்டு அசையாம நிப்போம். அது சரிதானா அண்ணே?

பழைய குதிரைக்காரன், கந்தப்பளை:

நல்ல மனசும்மா, ஆனா பேசிக்கிட்டே இருங்க. செடிக்குள்ள இடுப்பளவு மறைஞ்சு, இடுப்புல படங்குச் சாக்கு கட்டி, முதுகுல கூடையோட அசையாம நின்னா குதிரைக்கு ஆளுன்னு தெரியாது, பதுங்கியிருக்கிற மிருகம் மாதிரி இருக்கும். சிறுத்தைப்புலி நடமாடுற மலைதானே நம்மளது. குரல் கேட்டாத்தான் அது மனுசன்னு நம்பும்.

ஏரிக்கரைப் பையன், நுவரெலியா:

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன். வயித்துப் பட்டி உரசி முன்னங்காலுக்குப் பின்னால புண் இருந்திச்சு, ராகலை அண்ணனுக்கு நன்றி. ஆறுற வரைக்கும் சேணமே போடல, நடத்திக்கிட்டுத்தான் போனேன். லாயத்துல நாடி 38. முதல் நாள் வளைவுக்கு முன்னால எண்ணவே முடியல, அவ்வளவு வேகம். பதினோராவது நாள் 46ல நின்னுச்சு. மதகுக்கு அந்தப் பக்கம் லீக்ஸ் பாத்தியில காக்கா விரட்டக் கட்டின பொலித்தீன் படபடக்குது. நானும் இத்தனை நாள் அதைக் கவனிக்கல. தோட்டத்து ஐயாகிட்டக் கேட்டு ஒரு துண்டு வாங்கி லாயத்து வேலியில கட்டிட்டேன். ரெண்டு நாள் முறைச்சுப் பாத்திச்சு, மூணாவது நாள் அதுக்கு அடியிலயே நின்னு புல்லுத் தின்னுச்சு.

நேத்து ஏறிப் போனேன். வளைவுல நின்னுச்சு, நான் விட்டுட்டேன், பாத்திச்சு. கொழுந்து எடுக்கிற அக்கா ஒருத்தங்க மேல இருந்து "என்னடி செல்லி, வாடி"ன்னு கூப்பிட்டாங்க. காதை அந்தப் பக்கம் திருப்பிச்சு, பெருமூச்சு விட்டுட்டு மதகைத் தாண்டி நடந்திச்சு. இருபது அடி போய், நானே திருப்பிட்டேன்.

ஆடு நாளைக்கு வருது.