ஆங்கிலத்தில் விசா கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை: ஜெர்மனி அனுபவங்கள்

ஸ்டுட்கார்ட், மெக்கானிக்கல் டிசைன்

சான்சன்கார்ட்டே எனும் வாய்ப்பு அட்டையில் வந்தவன் நான். 2024 ஜூனில் தொடங்கிய திட்டம் அது. கையில் வேலை இல்லாமலே வந்து ஓராண்டு தேடலாம். 6 புள்ளிகள் வேண்டும். என் வயது 33, அதற்கு 2. கடந்த 7 ஆண்டுகளில் 5 ஆண்டு அனுபவம், அதற்கு 3. ஆங்கிலம் சி1 (ஏ1-இல் தொடங்கி ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஏறும் மொழித் தேர்ச்சி நிலைகளில் ஒன்று), அதற்கு 1. கணக்கு சரியாகிவிட்டது. ஜெர்மனில் ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை. விசாவுக்கே கேட்காததை வேலைக்கு மட்டும் ஏன் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்ததுதான் என் தப்பு.

செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட, பிளாக்டு அக்கவுண்ட் எனும் முடக்கக் கணக்கில் 13,092 யூரோ போட்டுவிட்டு வந்தேன். மாதம் 1,091 மட்டுமே எடுக்க முடியும். அறை வாடகை போனால் மிச்சம் என்ன என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான்கு மாதங்களில் மூன்று நேர்காணல். இரண்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது, எஸ்லிங்கன் பக்கம் இயந்திர பாகங்கள் செய்யும் சின்ன கம்பெனி. எச்.ஆர். அம்மா ஆங்கிலத்தில் இனிமையாகப் பேசினார். அப்புறம் டிசைன் பிரிவுத் தலைவர் வந்தார். அவருடைய ஆங்கிலமும் நன்றாகவே இருந்தது. என் வரைபடங்களைப் புரட்டினார், பிடித்திருந்தது. பிறகு மேசை மேலிருந்த தொலைபேசியைக் காட்டிக் கேட்டார்: “வார்ப்பு செய்து தருகிறவர் கூப்பிட்டு, இந்த டாலரன்ஸில், அதாவது அளவு இவ்வளவுதான் பிசகலாம் என்ற வரம்புக்குள், செய்ய முடியாது என்கிறார். அவருக்கு ஆங்கிலம் வராது. என்ன சொல்வீர்கள்?” நான் மின்னஞ்சல் அனுப்புவேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. தலையாட்டி எழுதிக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. நம்மூர் ரிலீவிங் லெட்டரை நீட்டினேன். இங்கே பழைய முதலாளி தருவது ட்ஸோய்க்னிஸ்: என்ன வேலை செய்தாய், எப்படிச் செய்தாய் என்று விரிவாக எழுதிய சான்று. அதற்கென்று ஒரு சங்கேத மொழியே உண்டு. ‘எங்களுக்குத் திருப்தி’ என்று மட்டும் இருந்தால் ஏதோ தேறினான் என்று பொருள். ‘எப்போதும், முழுக்க முழுக்கத் திருப்தி’ என்று இருந்தால்தான் முதல் தரம். என் கடிதத்தில் இருந்ததோ, ‘நடத்தை திருப்திகரம்’. பழைய மேனேஜரைக் கெஞ்சி இரண்டு பக்கத்துக்குப் புதிதாக வாங்கினேன்.

இப்போது பகலில் பி1 வகுப்பு. மாலையில் பார்சல் கிடங்கு, வாரம் 20 மணி நேரம். இந்த அட்டையில் அவ்வளவுதான் அனுமதி.

பெர்லின், சாஃப்ட்வேர் டெஸ்டிங்

இங்கே கதை வேறு, ப்ரோ. எங்கள் ஆபீஸில் எல்லாமே ஆங்கிலம்தான். ஒன்றரை வருடம் ஜெர்மன் இல்லாமல் ஜாலியாக ஓட்டினேன். ஒருநாள் ஆள்குறைப்பு. வேலை போகிறது என்று தெரிந்த 3 நாளுக்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது விதி. கம்பெனி கொடுத்த கடிதத்தில் அது இருந்திருக்கிறது, ஜெர்மனில், கடைசிப் பத்தியில். நான் நோட்டீஸ் காலம் முடியட்டும் என்று இருந்துவிட்டேன். வேலை இல்லாதபோது தரும் உதவித்தொகையில் ஒரு வாரம் போச்சு. இப்போது தபாலில் எது வந்தாலும் கடைசிப் பத்தியிலிருந்துதான் படிக்கிறேன்.

ரேகன்ஸ்பூர்க், செவிலியர்

அண்ணா, எங்கள் வேலையில் ஆங்கிலம் பேச்சுக்கே வராது. சென்னையிலேயே பி2 முடித்துவிட்டுத்தான் வந்தேன். வந்தும் நேராக நர்ஸ் இல்லை. நம்மூர்ப் படிப்புக்கு அங்கீகாரம் கிடைக்கும்வரை உதவியாளர்தான், சம்பளமும் அப்படியே. எட்டு வருடம் ஐ.சி.யூ.வில் இருந்தவளை ஊசி போட விடமாட்டார்கள். அதுதான் அழுகையாக வந்தது, மொழி இல்லை.

ஆனால் பி2 போதும் என்றும் நினைக்காதீர்கள். முதல் வாரம் ஒரு பாட்டி பவேரிய வழக்கில் ஏதோ கேட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். மறுபடி அதையே கேட்டார். மறுபடி தண்ணீர். மூன்றாவது டம்ளருக்குப் பிறகு கையை நீட்டிக் காட்டினார். ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருக்கிறார், பாவம்.

மீண்டும் ஸ்டுட்கார்ட்

பாட்டி கதையைப் படித்துவிட்டுக் கிடங்கில் தனியாகச் சிரித்தேன், தங்கச்சி.

ஒரு செய்தி. வேறொரு கம்பெனியில் சோதனை வேலைக்கு ஒரு வாரம் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு வாரம் வரை இந்த அட்டையில் அதற்கு இடம் உண்டு. மூன்றாம் நாள் மேசையில் தொலைபேசி அடித்தது. அறையில் வேறு யாரும் இல்லை. எடுத்தேன். மறுமுனையில் சுத்தமான ஸ்வேபிய வழக்கு, இந்தப் பக்கத்து வட்டாரப் பேச்சு. ‘கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்’ என்பதை மட்டும் ஜெர்மனில் நான்கு முறை சொன்னேன். பாகத்தின் எண்ணையும் அவர் கேட்ட அளவையும் எழுதி வைத்தேன். அளவு சரி. எண்ணில் 53 என்பதை 35 என்று எழுதியிருந்தேன். இந்த மொழியில் ஒன்றாம் இடத்தை முதலில் சொல்வார்கள்.

முடிவைத் திங்கட்கிழமை சொல்கிறார்களாம்.