இழை: 'ஃபிராக்' – போத்தா, பதியமா, நறுக்கா?

கயல்:
அனைவருக்கும் வணக்கம். சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைக்காரர்களுக்காக, உவர்நீர்த் தொட்டியில் மென்பவளம் வளர்ப்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். உப்பு, ஒளி, நீரோட்டம் எல்லாம் ஒருவழியாக முடிந்தது. 'ஃபிராக்' (frag) என்ற இடத்தில் முட்டி நிற்கிறேன். தாய்ப் பவளத்திலிருந்து அறுத்தெடுத்து வேறு கல்லில் பிடிக்கவைக்கும் பகுதி அது. பெயராகவும் வினையாகவும் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'துண்டு' என்று போட்டுப் பார்த்தால், 'துண்டைத் துண்டித்துத் துண்டுக்கல்லில் கட்டவும்' என்று போய் நிற்கிறது. கைகொடுங்கள்.

மாறன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது அம்மா? 'பதியம்'. ஊரெல்லாம் அறிந்த சொல். 'பதியம் போடுதல்' என்று வினையும் கைவசம் இருக்கிறது.

அருள்:
மாறன் ஐயா, பதியம் என்றால் கிளை தாயோடு ஒட்டியிருக்கும்போதே வேர் பிடிக்க வைப்பது. வேர் விட்ட பிறகுதான் வெட்டுவார்கள். மென்பவளத்தில் அப்படி வளர்ப்பவையும் உண்டு. பச்சை நட்சத்திரப் பவளமும் செனியாவும் பாய் விரிப்பது போல் ஊர்ந்து பரவுகிறவை. பக்கத்தில் ஒரு சிறு கல்லை ஒட்டினாற்போல் வைத்தால் அதன்மேல் தானே ஏறிவிடும். ஏறிய பிறகு இடையில் இருக்கும் சவ்வைக் கத்தியால் கீறிப் பிரிக்க வேண்டியதுதான். அது சுத்தமான பதியம்.

தோல்பவளம் அப்படியில்லை. சார்கோஃபைட்டான், சினுலேரியா என்னும் அதன் இரு வகைகளிலும் முதலில் வெட்டு, பிறகுதான் பிடிப்பு. தொட்டிக்குள் வைத்து வெட்டவே கூடாது. தொட்டி நீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் வைத்து, புது அறுவைக் கத்தியால் ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். கத்தரிக்கோல் சதையை நசுக்கும். நசுங்கிய விளிம்பிலிருந்துதான் அழுகல் தொடங்கும். வெட்டுப்பட்ட பவளம் டெர்ப்பீன் வகை நஞ்சுகளைக் கக்கும். அந்த நீரைத் தொட்டியில் திருப்பி ஊற்றினால் பக்கத்துப் பவளங்கள் சுருங்கிவிடும். ஆகவே துண்டை வேறு நீரில் இரண்டு முறை அலசி, தொட்டியில் நஞ்சை உறிஞ்சும் புதுச் செயலூட்டிய கரி போட்ட பிறகே உள்ளே விட வேண்டும்.

இந்த இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவர் தோல்பவளத்தின் பக்கத்தில் கல்லை வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்.

சிவகாமி:
அருள் சொன்ன இரண்டாவது வகைக்குச் சொல் நம் வேலியோரத்திலேயே இருக்கிறதே. முருங்கையை எப்படி நடுகிறோம்? போத்து வெட்டி நடுகிறோம். கிளுவைக்கும் போத்து, பூவரசுக்கும் போத்து. தாயை விட்டு வெட்டிய பின் தானாகப் பிடிப்பதுதான் போத்து. 'மென்பவளப் போத்து' நன்றாகவே ஒலிக்கிறது.

மாறன்:
ஒலிக்கிறது, மறுக்கவில்லை. தொல்காப்பிய மரபியலைக் கொஞ்சம் புரட்டுங்கள். பெற்றம், எருமை, புலி, மரை, புல்வாய் இவற்றின் ஆணுக்குப் போத்து என்று பெயர். அடுத்த நூற்பாவே நீர்வாழ் சாதியும் அப்பெயர் பெறும் என்கிறது. ஆக, கடலுயிர் ஒன்றைப் போத்து என்றால் 'ஆண் பவளம்' என்று பொருள்படும். தெலுங்கில் இன்றும் துன்னபோது என்றால் எருமைக்கடாதான். என் கருத்தில் 'போ' என்னும் அடியிலிருந்து போது, போத்து, போதகம் என்று திரட்சிப் பொருளில் கிளைத்த சொற்கள் இவை. இளங்கிளைக்கும் ஆண் விலங்குக்கும் பொதுவாக நிற்பது அந்தத் திரட்சியே. இதை விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

கயல்:
ஐயா, தனி மடல் வெள்ளிக்குப் பிறகு வரட்டும்.

ரகு:
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறுக்கீடு. எங்கட பக்கம் பவளப்பாறை என்று சொல்லுறதில்லை, முருகைக்கல் என்றுதான் பாடப்புத்தகத்திலும் அரச அறிக்கைகளிலும் இருக்கு. பவளம் என்றால் நகைக்கடைச் சிவப்புக் கல். கையேடு இங்கயும் வருமென்றால் 'மென்முருகை' என்றும் ஒரு இடத்தில போடுங்கோ.

அருள்:
ரகு அண்ணா, முருகைக்கல் என்பது கல் கட்டும் பவளங்களுக்கு அச்சாகப் பொருந்தும். மென்பவளத்தில் கல் இல்லை, சதைக்குள் சுண்ணாம்பு ஊசிமணிகள் மட்டுமே. ஆனால் நீங்கள் சொன்ன நகைக்கடைப் பவளத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தச் சிவப்புப் பவளம் எண்கைப் பவள வகுப்பைச் சேர்ந்தது. அதன் ஒவ்வொரு குறும்பவளத்துக்கும் (பாலிப்) இறகு போன்ற எட்டுக் கைகள். நாம் தொட்டியில் வளர்க்கும் தோல்பவளமும் அதே வகுப்பு. பாறை கட்டும் பவளங்கள் அறுகை (கைகள் ஆறின் மடங்கு) வகுப்பு, தூரத்து உறவு. பழந்தமிழர் பவளம் என்றழைத்ததற்கு நெருங்கிய உறவு மென்பவளமே. பெயரை மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் கையேட்டில் சோவாந்திட் என்னும் பொத்தான் போன்ற கூட்டுயிரையும் காளான் பவளத்தையும் மென்பவளம் என்று எழுதியிருப்பது வகைப்பாட்டில் பிழை, இரண்டும் அறுகை வகுப்பு. வணிகப் பேச்சில் அப்படிச் சொல்வார்கள் என்று ஒரு வரி போதும். சோவாந்திட் இருக்கும் பக்கத்தில் எச்சரிக்கை கட்டாயம்: அதில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கலாம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக் கூடாது. அது ஒட்டிய கல்லைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யவே கூடாது, ஆவியை மூச்சில் இழுத்தால் மருத்துவமனைதான்.

மாறன்:
வகுப்பு ஒன்று என்றால் 'துகிர்' என்றே எழுதலாமே! பவளத்துக்குப் புறநானூற்றில் பொன்னோடும் முத்தோடும் சேர்ந்து வரும் பழஞ்சொல். பவளம் வடமொழிப் பிரவாளத்தோடு பிணைந்த வழக்குச் சொல். 'மென்துகிர்' என்று வையுங்கள்.

சலீம்:
ஐயா, கடைக்கு வருகிறவர் துகிர் கேட்டால் துணிக்கடைக்கு வழி காட்டுவார்கள். அவர் கேட்பது 'ஃபிராக்', 'லெதர்' (தோல்பவளம்), 'பிளக்' (ஃபிராக்கைப் பிடிக்கவைக்கும் சிறு கல்). போத்து என்றால் தோட்டம் வைத்திருப்பவருக்காவது பிடிபடும். என் வாக்கு: முதல் இடத்தில் 'ஃபிராக் எனப்படும் போத்து', பிறகு போத்து மட்டும்.

சிவகாமி:
வழிமொழிகிறேன். வினைக்குப் 'போத்தெடுத்தல்'. ஆண் என்ற குழப்பம் வராது. போத்து முறையில் பிறப்பதே ஆண், பெண் சேராத இனப்பெருக்கம்தானே.

மாறன்:
அதனால்தான் ஆண்பெயர் பொருந்தாது என்கிறேன்!

அருள்:
சொல் எதுவானாலும் வரைவில் மூன்று திருத்தம்.

'நைட்ரேட்டைப் பூச்சியமாக வைக்கவும்' என்பதை எடுத்துவிடுங்கள். மென்பவளம் பட்டினியில் வெளிறும். லிட்டருக்கு 5 முதல் 15 மில்லிகிராம் நைட்ரேட்டும், 0.03 முதல் 0.1 மில்லிகிராம் பாஸ்பேட்டும் இருக்கலாம். உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 24 முதல் 27 டிகிரி என்று நீங்கள் எழுதியது சரி.

'போத்தைப் பசையால் ஒட்டவும்' என்பதும் தவறு. தோல்பவளம் வழுவழுப்பை விடும், பசை அதோடு உரிந்து வரும். காம்பின் குறுக்கே ஒரு பல்குத்தியைச் செருகி, அதன் இரு முனையையும் ரப்பர் வளையத்தால் கல்லோடு பிணைக்க வேண்டும். வளையம் சதையின் மேல் நேராக ஏறினால், இறுக்கத்தில் இரண்டாக அறுத்துவிடும். மிதமான ஓட்டத்தில் வைத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் பிடித்துவிடும். வெள்ளையாகக் குழைந்து நாறினால், அந்தப் பகுதியை நல்ல சதை வரை வெட்டி எறிய வேண்டும்.

மூன்றாவது, சார்கோஃபைட்டான் சில நாள் சுருங்கி மெழுகு பூசியது போல் நிற்கும். மேல்தோலை உரிக்கிறது, சாகவில்லை. ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் தோல் கழன்று போகும். 'இறந்த பவளத்தை அகற்றவும்' என்ற வரி அதற்குக் கீழேயே இருக்கிறது. இப்படியே அச்சானால் உயிரோடு இருப்பதைக் குப்பையில் போடுவார்கள்.

கயல்:
மூன்றையும் திருத்திவிட்டேன், நன்றி. தோல்பவளத்துக்குப் போத்து, ஊர்ந்து பரவுவதற்குப் பதியம் என்று அச்சுக்கு அனுப்புகிறேன். ரகு அண்ணாவுக்காகச் சொல்லடைவில் 'மென்முருகை' சேர்த்தாயிற்று. 'பிளக்' இன்னும் அப்படியே இருக்கிறது. யாரிடமாவது சொல் இருக்கிறதா?

சிவகாமி:
அடிக்கல்?

சலீம்:
கட்டட வேலை என்று நினைப்பார்கள்.

மாறன்:
'போத்து' என் எதிர்ப்போடு அச்சாகிறது என்பதைப் பதிவு செய்கிறேன். பிளக்குக்கு 'முளை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். மாட்டைக் கட்டும் முளைக்குச்சியும் அதுவே, வித்தின் முளையும் அதுவே. அதன் வேர் பற்றி...

கயல்:
பிளக் என்றே போட்டுவிட்டேன் ஐயா.