தீவிர மனநோய்க்கு வீட்டோடு சிகிச்சை: சாத்தியமா?

செல்வி:
மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), அதீத உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களை மருத்துவமனையில் நீண்டகாலம் வைக்காமல் வீட்டோடு வைத்தே பார்க்கலாம் என்று பலர் எழுதுகிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. என் தம்பிக்கு மனச்சிதைவு. மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்திருந்து அப்புறம் துப்பிவிடுவான். ராத்திரி முழுக்கக் கூடத்தில் நடப்பான். சமூகம் பார்த்துக்கொள்ளும் என்கிறீர்கள், கடைசியில் பார்ப்பது அம்மாவும் நானும்தான்.

மாறன்:
உங்களைத் தனியாக விட்டது பெரிய தவறு. நான் மனநலக் களப்பணியாளன். மாத்திரையைத் துப்புகிறவர்களுக்கு மாதம் ஒரு தடவை போடும் ஊசி இருக்கிறது, செவிலியர் வீட்டுக்கே வந்து போடலாம். எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் விசாரிப்பது தூக்கத்தைத்தான். நோய் திரும்பும்போது பலருக்கு முதலில் கெடுவது அதுதான். அப்புறம் குளிப்பது நிற்கும், ஃபோனை எடுக்க மாட்டார். இந்த அறிகுறிகளை அவர் தெளிவாக இருக்கும்போதே அவரோடு உட்கார்ந்து எழுதி வைத்துவிடுவோம். யாரைக் கூப்பிடுவது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதும் அதில் இருக்கும். வார்டில் எத்தனை மாதம் வைத்திருந்தாலும் வீட்டிலுள்ளவர்களுக்கு இந்த அறிகுறிகளைக் கவனிப்பது பழகாது.

கதிர்:
கேட்க நன்றாக இருக்கிறது. அமெரிக்காவில் 1963-ல் அதிபர் கென்னடி, ஊருக்குள்ளேயே சிகிச்சை தரும் சமூக மனநல மையங்களுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். மருத்துவமனைகள் காலியாயின, திட்டமிட்ட அளவுக்கு மையங்கள் வரவே இல்லை. எத்தனையோ பேர் தெருவுக்கும் சிறைக்கும் போனார்கள். செலவு மிச்சம் என்றால்தான் அரசுகளுக்கு இந்தத் திட்டம் பிடிக்கிறது.

மாறன்:
அது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அதே நாட்டில்தான் 1970-களில் மேடிசன் நகரில் மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் எல்லாரும் ஒரே குழுவாக வீடு தேடிப் போகும் முறை உருவானது. சுமார் பத்து நோயாளிக்கு ஓர் ஊழியர் என்பது அதன் கணக்கு. இத்தாலியின் திரியெஸ்தே நகரில் 1980-ல் பெரிய மனநல மருத்துவமனையை மூடும் முன்பே ஊருக்குள் மையங்களைத் திறந்துவிட்டார்கள். அவை இரவும் பகலும் இயங்குபவை, தங்கச் சில படுக்கைகளும் உண்டு.

செல்வி:
சரி, ஊசி பற்றி மருத்துவரிடம் கேட்கிறேன், இதுவரை யாரும் எங்களிடம் சொன்னதில்லை. ஆனால் நோய் முற்றினால் செத்துப்போ என்று குரல் கேட்கிறது அவனுக்கு. அந்த ராத்திரிக்கு அவனுக்கு மருத்துவமனையில் ஒரு படுக்கை வேண்டும். நீங்கள் சொல்லும் குழு முதலில் எங்கள் வாசலுக்கு வரட்டும், ஒரு வருடம் விடாமல் வந்து காட்டட்டும். படுக்கையைக் குறைப்பதை அப்புறம் பேசலாம்.